பொதுநல உறுப்பினருக்குத் தாகமில்லை

பிப்ரவரி 2

இன்று முதல் தேசப் பாதுகாப்புக்கும் பொதுமக்கள் நலனுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்காரும் பெண் நான். நம்ப முடியாதுதான். எனக்கே ஆர்டரை இரண்டு தடவை படித்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. "பொதுநலக் காப்புக் குழு. பொதுநல உறுப்பினர்: திருமதி த. பரிமளா, இன்சூரன்ஸ் முகவர், வடக்கரைப்பட்டி."

"ஊர்ல இத்தனை பேர் இருக்க உன்னை எதுக்குடி போட்டானுங்க?" என்று என் வீட்டுக்காரர் தணிகாசலம் கேட்டார். மின்வாரியத்தில் ரிட்டயர் ஆன மனிதர். வீட்டில் கரண்ட் போனால்கூட வாயைத் திறக்க மாட்டார், இதற்குத் திறந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். பெண், பட்டதாரி, உள்ளூர், பேரில் கேஸ் இல்லை. குழுவில் இப்படி ஒருத்தி இருந்தாக வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாம்.

சட்டம் இதுதான். ஊருக்கு மேற்கே மதில் சுவருக்குப் பின்னால் ஒரு ராணுவக் கிடங்கு இருக்கிறது. எந்த வரைபடத்திலும் கிடையாது. டவுன் பஸ் கண்டக்டர் மட்டும் தினமும் "கிடங்கு ஸ்டாப்பிங்லாம் இறங்கு" என்று கத்துவார். அதற்குள்ளே நடப்பதை யார் வெளியில் சொன்னாலும் புதுச் சட்டப்படி பதினான்கு வருடம். சொன்னதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் ஏழு வருடம். ஆனால் பொதுமக்கள் நலனுக்காக ஒரு விஷயத்தை வெளியில் சொல்லியே ஆக வேண்டும் என்று யாராவது நினைத்தால், எங்கள் குழுவிடம் வந்து அனுமதி கேட்கலாம். ஜனநாயகம் என்றால் சும்மாவா?

குழு சமாச்சாரத்தை எங்கும் எழுதக் கூடாது என்று ஆர்டரில் இருக்கிறது. ஆகவே பாலிசிதாரர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய இந்த டைரியில் வீட்டுச் சமாச்சாரம் மட்டும்தான் எழுதுவேன்.

பிப்ரவரி 9

வீட்டுச் சமாச்சாரம்: இன்று குழுவின் முதல் கூட்டத்துக்குப் போயிருந்தேன்.

தலைவர் வைத்தியலிங்கம், ரிட்டயர்டு ஜட்ஜ். காது கொஞ்சம் மந்தம், தூக்கம் ரொம்ப நன்றாக வருகிறது. இன்னொருவர் சுந்தரேசன், கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி. சட்டையில் ஒரு மடிப்புக் கலையாத ஆள். மூன்றாவது நான்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. "சார், ஒருத்தர் வந்து ரகசியத்தைச் சொல்லி அனுமதி கேட்டா, அதைக் கேக்கிற எனக்கு ஏழு வருஷம் கிடைக்குமா?"

சுந்தரேசன் அருமையாகப் புன்னகைத்தார். "நல்ல கேள்விம்மா. உங்களுக்கு ரகசியம் கேக்கிற தகுதிச் சான்றிதழ் கிடையாது. நீங்க பொதுஜனப் பிரதிநிதி இல்லையா? பொதுஜனத்துக்குத் தெரியக்கூடாதது உங்களுக்கும் தெரியக்கூடாது. அதனால மனுதாரர் ரகசியத்தைச் சொல்லாமத்தான் வாதாடணும்."

"சொல்லாம எப்படி சார் வாதாடுறது?"

"அது அவங்க சாமர்த்தியம்."

தலைவர் அதற்குள் தூங்கிவிட்டார். தூக்கத்திலும் தலையை ஆட்டினார், அதனால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மரியாதையில் குறை சொல்ல முடியாது. போண்டா சூடாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் மூடி திறக்காத பாட்டில் தண்ணீர். எனக்கும் மனுதாரர் நாற்காலிக்கும் மட்டும் பியூன் காத்தவராயன் வராண்டாக் குழாயில் பிடித்த டம்ளர் தண்ணீர். பொதுநல உறுப்பினருக்குப் பொதுக்குழாய், பொருத்தம்தானே என்று நினைத்துக்கொண்டு மடமடவென்று குடித்தேன்.

பிப்ரவரி 12

வடக்குத் தெருவில் செண்பகத்தின் மருமகளுக்குக் கரு கலைந்துவிட்டது. ஆறாவது மாதம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போன பொங்கலுக்குத்தான் அதே தெருவில் இன்னொரு வீட்டில் இதே துக்கம் கேட்டேன். அதற்கு முந்திய ஐப்பசியில் கோடி வீட்டில். நம் ஊர்ப் பெண்களுக்கு உடம்பில் சத்தே இல்லை, ரீல்ஸ் பார்த்தே நேரத்தைப் போக்குகிறார்கள் என்று செண்பகம் அழுதாள். நானும் ஆமாம் போட்டேன்.

சிந்துஜாவுக்கு 23ஆம் தேதி வளைகாப்பு. சேலத்தில் சம்பந்தி வீட்டில். வளையல், ஏழு வகைச் சாதத்துக்குச் சாமான், தட்டு வரிசை எல்லாம் தயார். வளைகாப்பு முடிந்ததும் என் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். மாடி அறைக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கியும் போட்டாகிவிட்டது. ஒரே பெண். முதல் பிரசவம். தினமும் போனில் "அம்மா, உன் கையால சுண்டைக்காய் வத்தக்குழம்பு வேணும்" என்கிறாள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

பிப்ரவரி 17

முதல் விசாரணை.

மனுதாரர் ரெஜினா மேரி, கிடங்கு ஆஸ்பத்திரி நர்ஸ். நாற்பது வயதிருக்கும். பைபிளை வைத்திருப்பதுபோல் கைப்பையை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"பிரச்சினை என்னன்னு சொல்லக் கூடாது சார், அது ரகசியம்" என்றார் சுந்தரேசன்.

"சரி, பிரச்சினைய விடுங்க. யாருக்கு என்ன பாதிப்பு?"

"பாதிப்பைச் சொன்னா பிரச்சினை தெரிஞ்சிடும் சார்."

"எந்த இடத்துலன்னாவது சொல்லலாமா?"

"இடம்தான் சார் முதல் ரகசியமே."

தலைவருக்கே கோபம் வந்துவிட்டது. "அப்ப எதைத்தான்யா சொல்லலாம்?"

"பேரு, முகவரி, கல்வித் தகுதி."

ரெஜினா மூன்றையும் சொன்னாள். நர்ஸிங் டிப்ளமா. தலைவர் மிகுந்த கவனத்துடன் எழுதிக்கொண்டார்.

காத்தவராயன் அவள் முன்னால் டம்ளரை வைத்தார். அவள் அதைத் தள்ளி வைத்தாள். "வேணாங்கண்ணே." வாய் வறண்டு போயிருக்கிறாளே என்று அவர் மறுபடி நகர்த்தி வைத்தார். அவள் மறுபடி தள்ளினாள். அந்த நேரம் நான் என் டம்ளரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் கையையே பார்த்தாள்.

"மேடம், உங்க வீட்ல மாசமா இருக்கிறவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"என் மக. ஏழாவது மாசம். அடுத்த வாரம் கூட்டிட்டு வரப்போறேன்" என்றேன் பெருமையாக.

"ஆட்சேபணை!" என்று சுந்தரேசன் எழுந்தேவிட்டார். சட்டை மடிப்புக் கலைந்தது. "இந்தக் கேள்வி குறிப்புல ஏறக் கூடாது!"

ரெஜினாவின் கண் நிறைந்துவிட்டது. "எனக்குச் சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லைங்க சார்" என்று எழுந்து போய்விட்டாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். தாகமில்லை.

பிப்ரவரி 18

தண்ணீர் கேன் கடையில் சொல்லிவைத்தேன். தொண்டை கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது, அதனால்தான். வேறு காரணம் இல்லை.

பிப்ரவரி 19

"குழம்புக்குக்கூடவா கேன் தண்ணி?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"கேன் தண்ணில பருப்பு சீக்கிரம் வேகும்."

"அரிசி கழுவ?"

"அரிசியும்."

மனிதர் என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போய், அவராகவே குடத்துத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் பதினான்கு, அவருக்கு ஏழு. இவ்வளவு வருடம் வாய் பேசாத புருஷனோடு குடும்பம் நடத்தியதற்குப் பலன் இப்போதுதான் கிடைத்தது.

பிப்ரவரி 23

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. என் மகளின் கை நிறையப் பச்சையும் சிவப்பும். பார்க்கக் கண்கொள்ளவில்லை.

கூட்டிக்கொண்டு வரவில்லை.

"மாடியில பெயின்ட் வாசனை இன்னும் போகலடா" என்றேன். "வாசனை போனதும் வரேம்மா" என்றாள். "அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன் இருக்கும்போல" என்றேன். வீட்டுக்காரர் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றார். "எந்த ஆபரேஷன்?" என்று மாப்பிள்ளை கேட்டதற்கு நான் குடலிறக்கம் என்றேன், அதே நேரத்தில் இவர் கண் என்றார்.

சம்பந்தியம்மா சபையிலேயே கேட்டுவிட்டார். "தலைப்பிரசவத்துக்குப் பொண்ணை அழைக்காத தாயை நான் இன்னைக்குத்தாங்க பார்க்கிறேன்." செலவுக்குப் பயந்துவிட்டேன் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

சிந்துஜா கார் வரைக்கும் வந்தாள். "நான் வர்றது உனக்குப் பாரமா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

பெற்ற பெண்ணுக்கு ஒரு காரணம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவளிடம் சொன்னால் அவள் வயிற்றுப் பிள்ளையோடு அவளும் குற்றவாளி. வண்டி ஓமலூர் தாண்டும்வரை அழுதேன். தேசம் பத்திரமாக இருக்கிறது.

பிப்ரவரி 26

குழுவின் முடிவு: "மனுதாரர் தன் கோரிக்கைக்கான காரணத்தை விளக்கத் தவறியதால் மனு தள்ளுபடி." மூவரும் கையெழுத்திட்டோம். ஆம், மூவரும். பேனா நல்ல பேனா, எங்கும் சிக்கவில்லை.

பிறகு சுந்தரேசன் இன்னொரு விஷயம் சொன்னார். மனு போட்டதால் ரெஜினாவிடம் ஏதோ ரகசியம் இருப்பது நிரூபணமாகிவிட்டதாம். அதனால் அவளை சஸ்பெண்ட் செய்து வழக்குப் போட்டுக் கைதும் செய்திருக்கிறார்கள். காப்புக் குழு யாரைக் காக்கிறது என்று கேட்க நினைத்தேன். போண்டா வாயில் இருந்தது.

மார்ச் 3

சிந்துஜா போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் "சாப்பிட்டியா" என்று அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

மார்ச் 5

பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னாள். "பரிமளாக்கா, ஒம்பதாம் தேதி அபிராமிக்கு வளைகாப்பு. நம்ம கல்யாண மண்டபத்துலதான். அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டியாந்துடுவேன். கரூர்ல தண்ணியெல்லாம் உப்பாம், பாவம். இங்க வந்து நம்ம ஊர்த் தண்ணியக் குடிச்சாத்தான் உடம்பு தேறும்."

நான் சட்டென்று உள்ளே வந்துவிட்டேன். பாலைப் பொங்க விட்டுவிட்டேன்.

அபிராமி என் வீட்டில் விளையாடி வளர்ந்த பெண். என் மகளுக்கு நான் காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது. அவளுக்கு?

மார்ச் 7

முயற்சி செய்தேன். சட்டத்துக்கு உட்பட்டுத்தான்.

"புஷ்பா, கரூர்ல பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இருக்கே, பிரசவத்தை அங்கேயே வச்சுக்கலாமே?"

"ஏங்க்கா, நம்ம ஊர் ஜிஎச்சுக்கு என்ன?"

"இல்ல, இந்த வெயில்ல..."

"கரூர்ல மட்டும் பனியா கொட்டுது?"

"அதுக்கில்லடி, கொஞ்ச நாள் அங்கேயே..."

அவள் முகம் மாறிவிட்டது. "அக்கா, வயித்தெரிச்சல்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பெத்த மகளைச் சபையில அழவிட்டு வந்தவங்க என் மகளைப் பத்திப் பேச வேணாம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கேட்டது நியாயம்தான்.

மார்ச் 9

வளைகாப்பு. தெரு முழுக்க மண்டபத்தில். அபிராமிக்குச் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் வளையல் போட்டு, ஆசீர்வாதம் பண்ணினேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

பந்தியில் இலை போட்டார்கள். புஷ்பவல்லி கோபத்தை மறந்து, தானே சொம்பை எடுத்துக்கொண்டு வந்து என் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். நான் டம்ளரை இலைக்கு வெளியே நகர்த்தினேன்.

"குடிங்க்கா, விக்கிக்கப்போறீங்க."

"வேணாம் புஷ்பா."

"சாம்பார்?"

"வேணாம்."

"பாயசமாச்சும்..."

"எதுவும் வேணாம்."

ஒரு வீட்டு விசேஷத்துக்கு வந்துவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவது என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஜென்மத்துக்கும் ஒட்டு உறவில்லை என்று அர்த்தம். தெரிந்துதான் செய்தேன். பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

புஷ்பவல்லி சொம்பை டக்கென்று வைத்தாள். "ஏன், எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகாதா? நாங்க என்ன கொறஞ்சு போயிட்டோம்?"

"உங்க வீட்டுத் தண்ணி மட்டும் இல்லடி. என் வீட்டுத் தண்ணியும் எனக்கு ஆகாது."

"என்ன பேச்சு இது?"

"பேச்சே இல்ல. நான் ஒண்ணும் பேசல. எனக்குத் தாகமில்ல, அவ்வளவுதான்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. புஷ்பவல்லி என் முகத்தையே பார்த்தாள். ஒரு தெருவில் இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தால் முகத்தைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வீட்டு வாசலில் கேன் வந்து இறங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். குழுவில் நான் உட்கார்ந்திருப்பதும் தெரியும்.

"உங்க சிந்துவ நீங்க கூட்டியாராதது..." என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"பெயின்ட் வாசனை" என்றேன்.

அடுத்த வரிசையில் செண்பகம் தன் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் பக்கத்தில் அவள் மருமகள். அந்தப் பெண் தன் முன்னால் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புஷ்பவல்லி மேடைக்குப் போய் மகள் கையில் இருந்த ஜூஸைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள்.

மார்ச் 10

அபிராமி நேற்றே கரூர் திரும்பிவிட்டாள். தெருவில் கேன் வண்டி மூன்று நடை வந்தது. கேன் கடைக்காரர் எனக்கு வணக்கம் வைக்கிறார்.

மத்தியானம் சிந்துஜா போன் செய்தாள். அபிராமி சொல்லியிருக்கிறாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"எதைச் சொல்லல? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

அவள் அழுதாள். பிறகு, "உன் வத்தக்குழம்பை நீயே இங்க வந்து வச்சுக் குடு. சேலம் தண்ணில வை" என்றாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மார்ச் 14

சுந்தரேசன் வீட்டுக்கு ஜீப்பில் வந்தார். தெருவே திரண்டு எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டது. முன்வரிசையில் புஷ்பவல்லி, அவள் பின்னால் செண்பகமும் மருமகளும். கூடத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். காற்று வராது சார் என்று திறந்தே வைத்தேன்.

"நீங்க ரகசியத்தை வெளியிட்டதாப் புகார் வந்திருக்கு."

"எந்த ரகசியம் சார்?"

"அதை உங்ககிட்ட சொல்ல முடியாது."

"அப்ப நான் வெளியிட்டேனா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "விளையாடாதீங்க. விசேஷ வீட்ல தண்ணி குடிக்காம ஜனங்களுக்குப் பீதியக் கிளப்பியிருக்கீங்க."

"தாகமில்லாம இருக்கிறது எந்தப் பிரிவுல வருது சார்? பதினாலா, ஏழா?"

"அந்த நர்ஸ் உங்ககிட்ட என்ன சொன்னா?"

"பேரு, முகவரி, கல்வித் தகுதி. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

வெயில் கொளுத்தியது. அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காவிட்டால் நன்றாகவா இருக்கும்? உள்ளே போய்ப் பெரிய வெள்ளி டம்ளரில் விளிம்பு வரை கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"குடிங்க சார்."

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கேட்டில் நின்ற பெண்களைப் பார்த்தார்.

"இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்."

"பரவாயில்ல சார், ஒரு வாய். வெயில்ல வந்திருக்கீங்க."

"இல்லம்மா, பழக்கமில்லை."

"தண்ணி குடிக்கவா?"

செண்பகத்தின் மருமகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவு வரைக்கும் வந்து நின்றாள். அந்தப் பெண் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

"குடிங்க சார்" என்றாள். "நாங்க குடிச்சோம்ல?"

சுந்தரேசன் எழுந்துவிட்டார். நோட்டீஸ் வரும் என்று என்னிடம் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். ஜீப் கிளம்பியபோது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள் ஒரு பெட்டி நிறைய இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். நான் எதையும் வெளியிடவில்லை. வெளியிட்டது அவர்தான்.

எனக்கு அப்போதுதான் நிஜமாகவே தாகம் எடுத்தது. அந்த டம்ளரைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடித்தேன். புஷ்பவல்லி அலறிக்கொண்டு ஓடிவந்து டம்ளரைத் தட்டிவிட்டாள். "ஏய் பரிமளாக்கா, பைத்தியமா உங்களுக்கு!"

"கேன் தண்ணிடி" என்றேன். "வந்தவருக்கு நான் வேற எதைக் குடுப்பேன்?"

யாரும் சிரிக்கவில்லை. செண்பகத்தின் மருமகள் வாசற்படியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். புஷ்பவல்லி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"வீட்டுக்கொரு பாட்டில் எடுத்தாங்கடி. அவங்கவங்க குழாயில புடிங்க. நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி ரகசியமான்னு பார்த்துடலாம். கலெக்டர் மேசையில வரிசையா வைப்போம். ஒரே ஒரு ஆபீசர் ஒரே ஒரு மடக்குக் குடிச்சுக் காட்டட்டும், நாம திரும்பி வந்துடலாம். இல்லேன்னா அந்த நர்சம்மாவ வெளிய விட்டு, என்னன்னு வாயத் தொறந்து சொல்லச் சொல்லட்டும்."

நாளைக் காலையில் போகிறோம். வீட்டுக்காரர் பழைய பாட்டில்களைத் தேடிக் கழுவி, குழாயடியில் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருக்கிறார். பொதுநல உறுப்பினர் என்ற முறையில் அங்கே நான் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. என் பாட்டிலை மட்டும், கட்டாயம் அங்கே வந்து நிற்கப்போகும் சுந்தரேசன் சாருக்கு நேராக வைப்பேன்.